ஒளி காட்சியாவது எப்படி? பார்வையும் நரம்பிணைப்பு ஏற்பிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பிள்ளைகளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும், தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் மாணவர்களும் பார்வையைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியிலும் விழித்திரையிலும் நின்றுவிடுகின்றன. அதற்கும் அப்பால், ஒரு நரம்பணு மற்றொன்றிடம் செய்தியை ஒப்படைக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே இப்பக்கத்தின் பொருள். இங்குள்ளவை பொதுவான விளக்கங்கள்; உங்கள் பிள்ளையின் கண்ணைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் அந்தக் கண்ணை நேரில் பார்த்த மருத்துவர்.

நரம்பிணைப்பு என்றால் என்ன? ஏற்பி என்றால் என்ன?

இரண்டு நரம்பணுக்கள் ஏறத்தாழத் தொட்டுக்கொள்ளும் இடம் நரம்பிணைப்பு. முழுமையாகத் தொட்டுக்கொள்வதில்லை, நடுவே ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறின் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு அந்த இடைவெளியை அப்படியே தாண்டிச் செல்வதில்லை. அனுப்பும் அணு ஒரு வேதிப்பொருளை அதற்குள் விடுகிறது; பெறும் அணுவின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதமே ஏற்பி.

ஏற்பிகளில் இரு பெருங்குடும்பங்கள் உண்டு. முதல் குடும்பத்தில் ஏற்பியே ஒரு வாயிலாகவும் இருக்கிறது: வேதிப்பொருள் வந்து ஒட்டியதும் அது திறந்து சோடியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகளை ஓரிரு மில்லிநொடிகளில் கடத்திவிடும். இரண்டாவது குடும்பம் நேராக எதையும் திறப்பதில்லை. அணுவுக்குள் இருக்கும் ஜி புரதங்களைத் தூண்டி, அவற்றின் வழியாக வேறு வாயில்களைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. இது மெதுவானது, ஆனால் நீண்டு நிலைக்கும். பார்வைப் பாதையில் கிளர்ச்சியூட்டும் வேலையைப் பெரும்பாலும் குளுட்டமேட்டும், அடக்கும் வேலையைப் பெரும்பாலும் காபாவும் செய்கின்றன. அசிட்டைல்கோலினும் டோப்பமினும் இவை இரண்டின் வேகத்தையும் வலுவையும் சரிசெய்கின்றன.

கண் படம் பிடிக்கிறது, மூளை அதைப் பார்க்கிறது என்பது சரியான விளக்கந்தானே?

தொடக்கநிலைப் பாடத்துக்கு அது போதும். அதற்குமேல் அது தடையாகிவிடுகிறது. ஒரு விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் அணுக்கள் ஏறத்தாழப் பத்துக் கோடியும், பகல் ஒளியை உணரும் கூம்பு அணுக்கள் அறுபது இலட்சமும் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இருப்பவையோ சுமார் பத்து இலட்சம் இழைகள்தாம். ஆகவே, கண்ணை விட்டு வெளியேறும் முன்பே செய்தி பிரிக்கப்பட்டு, ஒப்பிடப்பட்டு, பெரும்பகுதி கழிக்கப்பட்டுவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில் ஏற்பிகளுக்கு மிகப் பெரிய பங்கு உண்டு.

ஒரே வேதிப்பொருள் இரு வேறு செய்திகளைத் தர முடியுமா?

முடியும். பார்வையின் முதல் நரம்பிணைப்பிலேயே அது நடக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோல், கூம்பு அணுக்கள் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. இருட்டில் அவை குளுட்டமேட்டை இடைவிடாமல் வெளியிடுகின்றன. ஒளி விழுந்தால் அந்த வெளியீடு குறைகிறது. அடுத்து நிற்கும் இருமுனை அணுக்களுக்கு ஒளி என்பது குளுட்டமேட் குறைந்துபோவதுதான். இந்த இருமுனை அணுக்களில் ஒரு வகை, குளுட்டமேட் வந்தால் திறக்கும் விரைவான ஏற்பிகளைக் கொண்டிருக்கிறது. இருள் கூடும்போது அது தூண்டப்படுகிறது. மற்றொரு வகை எம்குளூஆர்6 என்னும் ஜி புரத ஏற்பியைக் கொண்டிருக்கிறது. அந்த ஏற்பியில் குளுட்டமேட் ஒட்டினால் டிஆர்பிஎம்1 என்னும் அயனி வாயில் மூடிக்கொள்கிறது. ஒளி விழுந்து குளுட்டமேட் குறைந்ததும் அது திறந்து, அணு தூண்டப்படுகிறது. பள்ளி மணி ஒன்றுதான். இடைவேளைக்கு அது ஒலித்ததும் வகுப்பறை அடங்குகிறது, சிற்றுண்டிச்சாலை பரபரப்பாகிறது. மணியில் வேறுபாடில்லை, கேட்பவரிடத்தில்தான் வேறுபாடு. குளுட்டமேட்டும் அப்படியே. இந்த இடத்தில் 'ஒளி கூடியது', 'ஒளி குறைந்தது' என்ற இரண்டு தடங்களாகப் பிரியும் செய்தி, மூளைவரை அந்தப் பிரிவோடுதான் போகிறது.

இரு தடங்களும் உண்மையிலேயே தனித்தனியாக இயங்குகின்றனவா என்பதைச் சோதிக்க ஒரு வேதிப்பொருள் உதவியது. குளுட்டமேட்டைப் போல நடித்து, எம்குளூஆர்6 போன்ற சில ஏற்பிகளை மட்டும் பிடிக்கும் ஏபிபி என்னும் பொருள் ஒளித்தடத்தை மட்டும் அடைத்துவிடுகிறது என்று 1981ல் மால்கம் ஸ்லாட்டரும் ராபர்ட் மில்லரும் காட்டினார்கள். 1986ல் பீட்டர் ஷில்லரும் அவருடைய குழுவினரும் அதைக் குரங்குகளின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பின்னணியைவிட வெளிச்சமான புள்ளியைக் கண்டுபிடிக்க அக்குரங்குகள் திணறின; பின்னணியைவிட இருண்ட புள்ளியைக் கண்டுபிடிப்பதில் அவற்றுக்கு அவ்வளவு தடை இருக்கவில்லை. ஒரே ஒரு வகை ஏற்பியைக் கட்டிப்போட்டதும் உலகத்தின் பாதி மங்கியது எனலாம்.

உணவங்காடியில் சேர்க்கும் அஜினமோட்டோவும் குளுட்டமேட்தானே? அது பார்வையைக் கெடுக்குமா?

பொருள் ஒன்றுதான். பிறந்து சில நாள்களேயான சுண்டெலிகளுக்கு 1957ல் தோலின்கீழ் அதிக அளவு குளுட்டமேட்டை ஊசியாகச் செலுத்தியபோது விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிந்தன. அச்சத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால், உண்ணும் குளுட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடற்சுவரே எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எஞ்சியது இரத்தத்துக்கு வந்தாலும், இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவேயுள்ள தடுப்பு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. உணவங்காடி மீ சூப்பை உப்புக்காகக் குறைத்துக்கொள்வது நல்லது. கண்ணுக்காகக் குறைக்க வேண்டியதில்லை.

என் மகன் மாலை மங்கியதும் தடுமாறுகிறான். கிட்டப்பார்வை மட்டுமா, வேறு ஏதேனுமா?

சிங்கப்பூரில் கிட்டப்பார்வை மிகப் பரவலாக இருப்பதால், பிள்ளையின் எந்தப் பார்வைக் குறையையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது. எனினும், மேலே சொன்ன எம்குளூஆர்6 ஏற்பியிலோ, டிஆர்பிஎம்1 வாயிலிலோ, அவற்றை உரிய இடத்தில் நிறுத்தும் நிக்டலோபின் புரதத்திலோ பிறவிக் குறை இருந்தால், பிறப்பிலிருந்தே இரவுப்பார்வை குன்றியிருக்கும். கோல் அணுக்கள் தம் செய்தியை முதன்மையாக எம்குளூஆர்6 கொண்ட இருமுனை அணுக்களிடமே ஒப்படைக்கின்றன என்பதே காரணம். கோல் அணு நன்றாக இருக்கிறது, ஒளியையும் பிடிக்கிறது, ஆனால் கேட்க ஆளில்லை. பகலில் இருள்தடம் வேலை செய்வதால் பிள்ளை சமாளித்துக்கொள்கிறது.

இக்குறை வயதோடு மோசமாவதில்லை. இது உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கடுமையான கிட்டப்பார்வையும், சிலருக்கு விழி நடுக்கமும் சேர்ந்தே இருப்பதால், கண்ணாடி போட்டதும் கதை முடிந்தது என்று விட்டுவிட நேர்கிறது. நிக்டலோபினுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அவ்வகைக் குறை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. விழித்திரை மின்வரைவு என்னும் சோதனையில் இது தெளிவாகத் தெரியும்: ஒளிவீச்சுக்குக் கோல் அணுக்கள் தரும் முதல் சரிவு வழக்கம்போல் இருக்கும், இருமுனை அணுக்கள் தர வேண்டிய அடுத்த எழுச்சி மட்டும் மிகச் சிறுத்திருக்கும். இருட்டில் தடுமாற்றம் சிறு வயதிலிருந்தே இருந்தால், மருத்துவரிடம் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சோதனை கேட்கப்படாமலே போகலாம்.

கேபிஇ சுரங்கச்சாலையிலிருந்து வெளியே வந்ததும் கண் கூசிப் பின்பு தெளிவதும் ஏற்பிகளின் வேலையா?

ஓரளவுக்கு மட்டுமே. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குப் பிறகு நண்பகல் வெயிலில் வெளிவரும்போது, கண்மணி சுருங்குவதும் கூம்பு அணுக்கள் தம் உணர்திறனைத் தாமே குறைத்துக்கொள்வதும்தான் முதன்மையான மாற்றங்கள். அவற்றோடு, ஒளியில் விழித்திரை டோப்பமினை அதிகமாக வெளியிடுகிறது. அது டோப்பமின் ஏற்பிகள் வழியாகக் கோல் வழிச் சுற்றுகளின் பிணைப்பைத் தளர்த்தி, பகல் சுற்றுகளுக்கு வழிவிடுகிறது. இந்த டோப்பமின் கீழே மீண்டும் வரும்.

மூளைக்குள் போனபின் என்ன நடக்கிறது?

பார்வை நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மூளையின் நடுவேயுள்ள தாலமஸ் என்னும் பகுதியின் இடைநிலையம் ஒன்றில் முடிகின்றன. அங்கிருந்து தலையின் பின்புறத்திலுள்ள முதன்மைப் பார்வைப் புறணிக்குச் செய்தி போகிறது. அந்த இடைநிலையத்து அணுக்களில் உள்ள நரம்பிணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மற்றவை புறணியிலிருந்தும், மூளைத்தண்டிலிருந்தும், அடக்கும் அணுக்களிடமிருந்தும் வருபவை.

புறணியில் குளுட்டமேட்டுக்கு இரு முக்கிய ஏற்பிகள் அருகருகே இருக்கின்றன. ஆம்பா ஏற்பி குளுட்டமேட்டைக் கண்டதும் திறந்து, சில மில்லிநொடிகளில் ஓய்ந்துவிடும். என்எம்டிஏ ஏற்பி அப்படியன்று: அதன் துளையை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது. பெறும் அணு ஏற்கெனவே ஓரளவு தூண்டப்பட்டிருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். விலகினால் கால்சியம் உள்ளே பாயும். அதன் விளைவு பல பத்து மில்லிநொடிகள் நீடிக்கும். இந்த மக்னீசியம் அடைப்பு 1984ல் இரு ஆய்வுக்குழுக்களால் தனித்தனியே கண்டறியப்பட்டது. இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தனவா என்பதை உணரும் திறன் ஒரே ஒரு மூலக்கூறில் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

தேக்கா கூட்டத்தில் ஒரு முகம் தனித்துத் தெரிவது எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரம் சிராங்கூன் சாலையில் நின்று பாருங்கள்: மேலே விளக்கலங்காரம், இருபுறமும் புடவையும் பலகாரமும், நடுவே நகரும் தலைகள். விழித்திரை இவற்றில் எதையும் 'உரு' என்றும் மற்றதைப் 'பின்னணி' என்றும் பிரித்து அனுப்புவதில்லை. அந்தப் பிரிவினையில், புறணியின் உயர்பகுதிகள் கீழ்ப்பகுதிக்குத் திருப்பியனுப்பும் செய்தி பங்கேற்கிறது.

நெதர்லாந்தில் பீட்டர் ருல்ஃப்செமாவின் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. குரங்குகளின் முதன்மைப் பார்வைப் புறணியில் ஆம்பா வகை ஏற்பிகளை அடைத்தபோது, காட்சி தோன்றியதும் எழும் முதல் துலங்கலே வலுவாகக் குறைந்தது. என்எம்டிஏ ஏற்பிகளை அடைத்தபோதோ, உருவுக்கும் பின்னணிக்கும் இடையே சற்றுத் தாமதமாகத் தோன்றும் வேறுபாடு மங்கியது. மேலேறும் செய்திக்கு ஆம்பாவும், திரும்பி வரும் செய்திக்கு என்எம்டிஏயும் முதன்மையாக உதவுகின்றன என்பதே இதன் பொருள். உயிரியலில் எல்லைக்கோடுகள் இவ்வளவு நேராக இருப்பதில்லைதான். ஆயினும், என்எம்டிஏ முன்பே தூண்டப்பட்ட அணுவில் மட்டும் திறக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பங்கீடு இயல்பாகவே பொருந்துகிறது.

கவனித்துப் பார்ப்பதற்கும் ஏற்பிகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கவனம் செலுத்தும்போது பார்வைப் புறணி அணுக்களின் துலங்கல் கூடுகிறது. 2008ல் வெளிவந்த குரங்கு ஆய்வொன்றில், அசிட்டைல்கோலினுக்கான மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்ததும் இந்தக் கூடுதல் குறைந்தது. அதே வேதிப்பொருளுக்கான மற்றொரு வகையான நிக்கோட்டினிக் ஏற்பிகளை அடைத்தபோது அப்படி நேரவில்லை.

அடக்கும் ஏற்பிகள் வெறும் தடைதானா?

இல்லை. புறணியின் அணுக்கள் குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கு மட்டும் துலங்குகின்றன என்பதை டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1959 முதல் காட்டினார்கள். 1970களில் ஆடம் சிலிட்டோ பூனைகளின் புறணியில் காபா-ஏ ஏற்பிகளைப் பைகுக்குலின் கொண்டு அடைத்தபோது, பல அணுக்கள் அந்தத் தேர்வுத்திறனை இழந்து, எந்தச் சாய்வுக்கும் துலங்கத் தொடங்கின. வந்து சேரும் கிளர்ச்சிச் செய்தியிலேயே சாய்வு ஓரளவு அமைந்திருக்கிறது என்பது பிற்கால அளவீடுகளில் தெரியவந்தது. ஆகவே காபாவைச் சாய்வின் ஒரே படைப்பாளி என்று கருத முடியாது. அது கூர்மையாக்குகிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அதற்கு இருக்கிறது. அடுத்த பதிலில் பாருங்கள்.

சோம்பற்கண்ணுக்குச் சிறுவயதிலேயே சிகிச்சை வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்?

ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, இரு கண்களின் திறனும் பெரிதும் வேறுபட்டாலோ, மூளை ஒரு கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணால் பலகையில் கீழ்வரிசை எழுத்துகளைப் படிக்க முடிவதில்லை. குறை இப்போது கண்ணில் இல்லை, புறணியில் இருக்கிறது. ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை முதல் சில மாதங்களில் மூடிவைத்து, பின்பு திறந்தபோது, புறணியின் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்குத் துலங்க மறுத்தன. வளர்ந்த பூனையில் அப்படி நேரவில்லை. அவர்களுக்கு 1981ல் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்தக் குறுகிய காலத்தில் மூளையை வளைந்துகொடுக்க வைப்பவற்றுள் ஏற்பிகள் முதன்மையானவை. சிறு வயதில் என்எம்டிஏ ஏற்பிகளில் 2பி என்னும் துணையலகு மிகுந்திருக்கும். அதனால் வாயில் நீண்ட நேரம் திறந்திருக்கும். பார்வை அனுபவம் கூடக்கூட, விரைவாக மூடும் 2ஏ துணையலகு அதன் இடத்தைப் பிடிக்கிறது. இருட்டிலேயே வளர்த்த எலிகளில் இம்மாற்றம் தள்ளிப்போகிறது. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுகிறது. அதே காலத்தில் காபா அடக்குதலும் முதிர்கிறது. 1998ல் தக்காவ் ஹென்ஷும் அவருடைய குழுவினரும், காபா போதிய அளவில் உருவாகாத சுண்டெலிகளில் இந்த வளைந்துகொடுக்கும் காலம் தொடங்குவதே இல்லை என்றும், காபா-ஏ ஏற்பியின் செயலைக் கூட்டும் டயசிப்பாமைப் புறணியில் செலுத்தினால் அது தொடங்குகிறது என்றும் காட்டினார்கள். கற்பதற்குக் கிளர்ச்சி மட்டும் போதாது, அடக்கமும் தேவை என்பது அன்று பலருக்கு எதிர்பாராத முடிவாக இருந்தது. (இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு டயசிப்பாம் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டாம். கூடாது.)

ஆகவேதான் பாலர் பள்ளியிலும் தொடக்கநிலையிலும் நடக்கும் பார்வைப் பரிசோதனைக் கடிதத்தைப் பையிலேயே விட்டுவிடக் கூடாது. நல்ல கண்ணை மறைத்து ஒட்டும் சிகிச்சைக்கு, மிதமான சோம்பற்கண்ணில் நாளுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன என்று 2003ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆறு மணி நேரம் அழும் பிள்ளையோடு போராடும் பெற்றோர் தம் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். பதின்ம வயதிலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது வீண்.

கிட்டப்பார்வைக்குப் போடும் அட்ரோபின் சொட்டுமருந்தும் ஏற்பியைத் தொடுகிறதா?

ஆம். அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. இங்குள்ள பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட இரு சோதனைகள் இதில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன: 1 விழுக்காட்டுச் செறிவை ஆராய்ந்த முதல் சோதனை 2006லும், 0.5, 0.1, 0.01 விழுக்காடுகளை ஒப்பிட்ட இரண்டாவது 2012லும் வெளியாயின. ஒவ்வொன்றிலும் 400 பிள்ளைகள் பங்கேற்றார்கள். செறிவு கூடினால் கண் கூசுவதும், அருகில் படிப்பது மங்குவதும் கூடின. மருந்தை நிறுத்தியதும் கிட்டப்பார்வை மீண்டும் விரைந்து கூடியதும் அதிகச் செறிவில்தான். பின்னர் ஹாங்காங் ஆய்வில் 0.05 விழுக்காடு 0.01ஐவிட நன்றாகச் செயல்பட்டது. 2023ல் அமெரிக்க ஆய்வொன்றில் 0.01 விழுக்காட்டால் பயன் தெரியவில்லை. உங்கள் பிள்ளைக்கும் அண்டைவீட்டுப் பிள்ளைக்கும் வெவ்வேறு செறிவு எழுதப்பட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

கண் குவியத் தசையைத் தளர்த்துவதால்தான் அட்ரோபின் வேலை செய்கிறது என்பது பழைய விளக்கம். கோழிக்குஞ்சுகளில் அத்தசையை இயக்குபவை நிக்கோட்டினிக் ஏற்பிகள். அட்ரோபின் அவற்றைத் தொடாது. இருந்தும் அக்குஞ்சுகளிலும் அது கிட்டப்பார்வையைக் குறைத்தது. ஆகவே மருந்தின் களம் விழித்திரை போன்ற வேறு இடமாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியில் விளையாடச் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008ல் வெளியானது. கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, இங்கே 29.1 விழுக்காடு. வாரத்தில் வெளியில் கழித்த நேரம் அங்கே ஏறத்தாழ 14 மணி, இங்கே 3 மணி. மரபு ஒன்றாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு. பிரகாசமான ஒளியில் விழித்திரை வெளியிடும் டோப்பமின் கண்கோளத்தின் நீட்சியைத் தடுக்கிறது என்பதே இப்போது முன்னணியில் உள்ள கருத்து. கோழிக்குஞ்சுகளில் டி2 வகை டோப்பமின் ஏற்பியை அடைத்தால் ஒளியின் பாதுகாப்பும் போய்விடுகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஏற்பியை அடைக்கும் மருந்தால் கண் அழுத்த நோயைக் குணப்படுத்தலாமா?

முயன்றார்கள். கண் அழுத்த நோயில், பார்வை நரம்பின் இழைகளை அனுப்பும் விழித்திரையின் முடிச்சு அணுக்கள் இறப்பதற்கு மிகையான குளுட்டமேட்டும் என்எம்டிஏ ஏற்பியும் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில், மறதி நோய்க்குப் பயன்படும் மெமான்டினை நான்கு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த இரு பெரிய சோதனைகளின் முடிவு 2018ல் வெளியானது. நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை. எலியிலும் குரங்கிலும் நம்பிக்கை தந்த மருந்து அது. பார்வைக்கு இன்றியமையாத ஏற்பியை உடல் முழுவதும் அடைத்துக்கொண்டே பார்வையைக் காப்பாற்ற நினைப்பதில் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது என்பது என் கருத்து. இந்நோய்க்கு இன்று உறுதியாகப் பலன் தருவது கண் அழுத்தத்தைக் குறைப்பது. எழுதிக்கொடுத்த சொட்டுமருந்தை நாள் தவறாமல் போடுங்கள்.